நாற்காலியில் என்ன இருக்கிறது?

“இதில் கருத்து ஒன்றும் இல்லையே, வெறும் கட்டில்தானே!” புறநகர்ப் பங்கு ஒன்றின் ஆண்டுவிழாவையொட்டி நடந்த ஓவியப் போட்டியில், கல்லூரி மாணவி ஒருத்தி அனுப்பியிருந்த லினோ அச்சுப் படத்தை ஒதுக்கியபோது நடுவர்கள் சொன்ன காரணம் இது. கயிறு தொய்ந்த ஒரு கட்டில், தலைமாட்டில் மடித்து வைத்த போர்வை, அருகில் ஒரு முக்காலி, முக்காலியின்மேல் மூடி வைத்த தம்ளர்: படம் அவ்வளவே. ஆள் யாரும் இல்லை. பரிசு பெற்றது, நாட்காட்டியைப் பார்த்து வண்ணம் தீட்டிய நல்லாயன் படம். நல்லாயனோடு நமக்கு வழக்கு இல்லை. நாட்காட்டியைப் பார்த்து வரைந்த கைக்கு ஊக்கம் தருவதும் தவறில்லை. ஆனால், நோயாளி ஒருவர் படுத்து எழுந்த, அல்லது எழாமலே போன, கட்டிலைக் கண்டு ‘கருத்து இல்லை’ என்று கூறத் துணிந்த மனப்பான்மையோடு நமக்கு வழக்கு உண்டு. படித்த கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நம்மில் பலருடைய மனப்பான்மையும் அதுவே என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

நம் வீட்டுச் சுவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திரு இருதய ஆண்டவர், சகாய மாதா, ஆரோக்கிய அன்னை, புனித அந்தோனியார் என்று அங்கே தொங்குபவை எல்லாம் அச்சுப் படங்களே. எங்கோ எவரோ வரைந்ததை எந்திரம் இலட்சக்கணக்கில் பெருக்கிச் சட்டத்துக்குள் அனுப்பிவைத்தவை. ஓவியர் தம் கையால் பலகையைச் செதுக்கி, தாமே மை தடவி, தாமே அழுத்தி எடுத்த அச்சோவியம் ஒன்று நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டதை மேடைதோறும் சொல்லிப் பெருமை கொள்கிறோம். இந்திய எழுத்துகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழ் எழுத்து என்பதும், அதை அச்சேற்றியவர் இயேசு சபைத் துறவி என்பதும் மெய்யான பெருமைகளே. அச்செழுத்தை இவ்வளவு கொண்டாடும் நாம் அச்சோவியத்தை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்?

அச்சோவியம் இன்னதென்று அறியாதவர்களுக்காக ஒரு சொல். மரப்பலகையிலோ லினோலியத்திலோ வேண்டாத இடத்தைச் செதுக்கி எறிந்து, எஞ்சிய மேட்டில் மை உருட்டித் தாளை வைத்து அழுத்துவது ஒருவகை. செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அரித்த பள்ளத்தில் தங்கிய மையை ஈரத்தாளின்மேல் உருளைப்பொறியால் அழுத்தி வாங்குவது மற்றொரு வகை. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு அச்சிடுவது கல்லச்சு. திருமண அழைப்பிதழ்களால் நமக்குப் பழகிய திரையச்சும் உண்டு. முறைகள் வெவ்வேறாயினும் பெரும்பாலும் அழுத்தமே படத்தை ஆக்குகிறது: ஒன்று இன்னொன்றின்மேல் தன் பாரத்தை இறக்கிச் சென்ற தடம். நாற்காலியும் கட்டிலும் செய்வது வேறென்ன? முப்பது ஆண்டுகள் ஒருவர் அமர்ந்த பிரம்பு நாற்காலியின் குழிவு, அவருடைய பாரம் பதித்த அச்சு. வீட்டு மரச்சாமான்களைப் பேசவைக்க வண்ணத் தூரிகையைவிட அச்சுப்பலகையே தகுதி மிக்கது என்பது என் துணிபு. அதை மறுப்போர் பின்வரும் படங்களை முதலில் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

1870 ஜூன் 9 அன்று ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் மறைந்தார். அவருடைய கடைசி நாவலுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த லூக் ஃபைல்ட்ஸ் என்ற இளைஞர், ஆசிரியர் இல்லாத எழுத்தறையை வரைந்தார். மேசை இருக்கிறது, மேசையிலிருந்து சற்றே பின்னுக்கு நகர்ந்த நாற்காலி இருக்கிறது, சன்னலில் வெளிச்சம் இருக்கிறது. ‘கிராஃபிக்’ என்ற இலண்டன் வார இதழ் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் அதை மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டது. தலைப்பு, ‘காலி நாற்காலி’. டிக்கன்சின் முகத்தை வரைந்த படங்கள் எத்தனையோ உண்டு. அந்த நாற்காலி சொன்ன இழப்பை அம்முகங்கள் சொல்லவில்லை.

அத்தகைய அச்சுகளை வறுமையிலும் வாரிச் சேர்த்தவர் வின்சென்ட் வான்கோ. 1882 நவம்பரில் ஹேக் நகரில் அவரே ஒரு கல்லச்சு எடுத்தார். முதியோர் இல்லத்துக் கிழவர் ஒருவர் கணப்படுப்பின் அருகே மரநாற்காலியில் அமர்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, முகத்தை இரு கைகளிலும் புதைத்திருக்கிறார். பிரதி ஒன்றில் வான்கோ ‘நித்தியத்தின் வாயிலில்’ என்று பெயர் எழுதினார். வானதூதர் இல்லை, ஒளிவட்டம் இல்லை. ஏழையின் நாற்காலியே நித்தியத்தின் வாயிற்படி ஆகிவிட்டது. தொழிலாளர் குடிசைகளிலும் தொங்கத்தக்க மலிவான அச்சுகள் வேண்டும் என்று அந்நாளில் அவர் கனவு கண்டதையும் இங்கே நினைக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1888-இல், அவர் தம் வைக்கோல் நாற்காலியையும் நண்பர் கோகனுடைய கைவைத்த நாற்காலியையும் வண்ணத்தில் தீட்டினார். இன்று உலகம் அவ்விரண்டையும் கொண்டாடுகிறது. அவற்றுக்கு மூத்தது அந்தக் கல்லச்சு என்பதை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

நார்வே நாட்டு எட்வர்ட் மூங்க்கின் அக்காள் சோஃபி, 1877-இல் காசநோயால் இறந்தபோது பதினைந்து வயதுச் சிறுமி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1896-இல், மூங்க் அந்த அறையைக் கல்லச்சில் கொண்டுவந்தார். குடும்பத்தார் ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள். இறக்கும் பெண்ணோ நமக்குத் தெரிவதே இல்லை. அவள் அமர்ந்திருக்கும் நாற்காலியின் முதுகுதான் நம்மை நோக்கி இருக்கிறது. அவள் முகத்தை மறைத்த அந்த நாற்காலி, நம்மையும் அந்த அறையில் செய்வதறியாது நிற்கும் உறவினருள் ஒருவராக ஆக்கிவிடுகிறது. சாவு வீட்டில் நின்றவர்கள் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கேதே கோல்விட்ஸ் ஜெர்மானியப் பெண்மணி. பெர்லினில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவரின் மனைவி. 1844-இல் சிலேசிய நெசவாளர்கள் செய்த கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்டு 1893 முதல் 1897 வரை உழைத்து ஆறு அச்சுகள் செய்தார். முதல் அச்சில் படுக்கையில் ஒரு குழந்தை. தலையைக் கையால் தாங்கிய தாய். பின்னால் இருளில் பெருத்து நிற்கும் தறி. கடைசி அச்சில் அதே போன்ற தறியின் அடியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சாட்சியாக நிற்பது மரச்சட்டம்தான். 1898-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் தரலாம் என்று நடுவர் குழு பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். கட்டிலிலும் தறியிலும் ‘கருத்து’ எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த நடுவர்களைவிட அரசர் நன்றாகவே அறிந்திருந்தார் போலும்! காஞ்சியிலும் ஆரணியிலும் தறிக்குழியில் கால் வைத்து வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்த நம் வாசகர்கள், இந்த ஆறு படங்களையும் ஒருமுறையேனும் காண வேண்டும்.

இன்னும் ஒன்று. 1971-இல் அமெரிக்கர் ஆண்டி வார்ஹோல் பத்துத் திரையச்சுகள் கொண்ட தொகுப்பு வெளியிட்டார். பத்திலும் ஒரே பொருள்: வெற்றறையில் ஒரு மின்சார நாற்காலி. நியூயார்க் மாநிலத்துச் சிங் சிங் சிறையில் மனிதரைக் கொல்ல வைத்திருந்தது. கீழை வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பாடுபட்ட சுரூபங்களுக்கும் திருப்படங்களுக்கும் நடுவே வளர்ந்தவர் வார்ஹோல். விளம்பர வண்ணங்களில் அந்த நாற்காலியை அவர் திரும்பத் திரும்ப அச்சிட்டதைக் கேலி என்று கருதுவோர் உண்டு; நான் அவ்வாறு கருதவில்லை. மரணதண்டனை ஏற்கத்தக்கதன்று என்று 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலையே திருத்தினார். அத்திருத்தத்தைப் பற்றி நம் பங்குகளில் ஒரு கூட்டம் நடத்த நினைப்பவர்கள், பேச்சாளரோடு அந்தப் படத்தின் நகலையும் கொண்டுவந்து வைக்கலாம். காலியாக இருக்கும் அந்த இருக்கை, அடுத்து யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

‘இவை எல்லாம் மேல்நாட்டுக் கதை; நம் நாட்டுக்கு இது ஒட்டாது’ என்று ஒருசாரார் சொல்வர். ஒட்டாது என்பதற்குக் காரணம் கேட்டால், தமிழர் தரையில் அமர்ந்தவர்கள், நாற்காலி நேற்று வந்தது என்பார்கள். மெய்தான், ஆனால் அந்தக் காரணமே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. எல்லாரும் தரையில் அமர்ந்த நாட்டில் நான்கு கால் வைத்த பலகை ஒன்று வந்து நின்றபோது, யார் அதில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற கேள்வியும் உடன் வந்து நின்றது. ஐரோப்பிய நாற்காலி இல்லாமையைச் சொல்கிறது. நம் நாற்காலியோ இதற்கு மேல் அனுமதியையும் சொல்லும்.

நான் குடியிருப்பது திருநீர்மலை அடிவாரத்தில். இங்கே வைணவ அன்பர்கள் திருமாலை நின்ற, இருந்த, கிடந்த, நடந்த நான்கு கோலங்களிலும் வழிபடுகிறார்கள். நீர்வண்ணர் நிற்கிறார், நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். மனித உடலுக்கும் வாழ்நாள் முழுதும் இந்த நான்கே நிலைகள். இவற்றுள் இருத்தலும் கிடத்தலும் இளைப்பாறுதல். அந்த இளைப்பாறுதல் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அறிய மலையை விட்டு இறங்கினாலே போதும்.

தியாகராய நகரின் பெரிய துணிக்கடைகளில் வேலை செய்த பெண்களும் ஆண்களும் நாள் முழுதும் நின்றே இருந்தார்கள், அமர்வது குற்றம். 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் அவர்கள் வாழ்வை ஊருக்குக் காட்டியது. கேரளம் 2018-இல் சட்டம் திருத்தி இருக்கை உரிமை அளித்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, ஊழியர் அமர இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் கூடி விதி இயற்ற வேண்டியிருந்த நாட்டில், முக்காலியின் படத்தைப் பார்த்து ‘கருத்து இல்லை’ என்கிறோம்!

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் நடந்ததும் நினைவிருக்கும். மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டார். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பரவியது; வழக்கும் கைதும் தொடர்ந்தன. பிறரைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 1872-இல் எழுந்த வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம், சாதிக்கொரு கூடமாக இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேருமாறு கட்டப்பட்டது. இடைச்சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான். சுவர் போன பிறகும் எந்தப் பக்கம் யார் அமர்வது என்ற கணக்கு எத்தனை ஊர்களில் எத்தனை காலம் நீடித்தது என்பதை அவ்வூர்க்காரர்களே சொல்லட்டும். ஆலய பெஞ்சின் படத்தை எந்த மாணவியாவது செதுக்கினால், அதை ஒதுக்கிவிடும் தைரியம் நமக்கு இருக்கக்கூடாது.

நம் எழுத்தாளர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். கி. ராஜநாராயணன் ‘நாற்காலி’ என்றே ஒரு சிறுகதை எழுதினார். வீட்டுக்கு ஆசையோடு செய்த நாற்காலியை, ஊரில் சாவு விழுந்தால் பிணத்தைச் சாத்தி உட்காரவைக்க இரவல் வாங்கிப்போகத் தொடங்குகிறார்கள். பிறகு வீட்டாருக்கே அதில் உட்காரப் பயம். சிரிக்கச் சிரிக்கச் சொல்லிய கதை. நாற்காலியைப் பற்றி தமிழில் அதைவிட ஆழமாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ நாவல் 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கு விருது கொடுத்தபோது, இது வெறும் சாமான்தானே என்று எவரும் கேட்கவில்லை. எழுத்துக்குக் கொடுத்த உரிமையைச் செதுக்கும் உளிக்கு மறுப்பது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பக்தர்கள் இல்லை, ஓவியக்கூட அறிஞர்கள். ஒரு நாற்காலியின் அச்சைக் கண்டால் அவர்கள் மகிழ்வார்கள். ஆனால் கோடு, தளம், வெளி, ஒளிநிழல் என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் உட்கார்ந்தவர் யார், உட்காரவிடாமல் தடுக்கப்பட்டவர் யார் என்ற பேச்சே எழாது. ‘கருத்து இல்லை’ என்று பரிசை மறுப்பவரும், ‘கருத்து வேண்டாம், வடிவம் போதும்’ என்று பரிசைக் கொடுப்பவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டாமவர் ஆங்கிலத்தில் பேசுவார், வேறுபாடு அவ்வளவே.

இந்திய அச்சோவியத்தில் இதற்கு விடை சொன்ன ஒருவரைக் காட்டுகிறேன். அலிகாரில் 1937-இல் பிறந்து, பிரிவினையால் குடும்பம் சிதறி, பல நாட்டு நகரங்களில் வாழ்ந்து 2020-இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மி, 1997-இல் தாம் வாழ்ந்த வீடுகளின் தரைவரைபடங்களைச் செதுக்கு அச்சுகளாக வெளியிட்டார். வெறும் கோடுகள். கட்டில் இல்லை, மேசை இல்லை. அவ்வறைகளில் என்ன இருந்திருக்கும் என்று நாமே இட்டு நிரப்பிப் பார்க்கையில்தான், நாடு மாறுகிறவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது உறைக்கிறது. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களை நம் பங்குகளில் கண்டவர்களுக்கு இந்தக் கோடுகள் புரியும்.

ஆகையால், நம் இளைஞர்கள் வான்கோவின் வைக்கோல் நாற்காலியைத் திரும்பச் செதுக்க வேண்டாம். நம்மிடம் கயிற்றுக்கட்டில் உண்டு, அரிசிப் பத்தாயம் உண்டு, மணைப்பலகை உண்டு, அரசு மருத்துவமனையின் இரும்புக் கட்டிலும், தேநீர்க்கடை பெஞ்சும் உண்டு. முதுகில் வாடகைக் கடையின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுவிடுகிறோமே! இன்று மஞ்சள்நீராட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சாவு வீட்டுச் சாமியானாவுக்கும் ஒரே நாற்காலிதான் போய்வருகிறது. காலையில் மணமக்களின் உறவினர் அமர்ந்தது, மாலையில் ஒப்பாரி கேட்கிறது. கி.ரா. இன்று இருந்தால் அதைப் பற்றி எழுதியிருப்பார்.

இனி, பக்தியின் பெயரால் வரும் மறுப்புக்கு வருவோம். திருக்காட்சிகளை வரைய வேண்டிய கை தட்டுமுட்டுச் சாமானை வரைந்து வீணாகலாமா என்கிறார்கள். நம் ஆண்டவர் முப்பது வயதுவரை எந்தத் தொழில் செய்தார்? கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். தச்சுப்பட்டறையில் வளர்ந்தவருக்கு முன்னால் மரச்சாமானை இழிவாகப் பேச நமக்கு என்ன தகுதி? அவர் நலமளித்த முடக்குவாதக்காரர் தன் படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டல்லவா வீட்டுக்குப் போனார்? அந்தப் படுக்கையை மட்டும் ஒருவர் செதுக்கி அச்சிட்டால், ‘கருத்து எங்கே’ என்போமா? 1514-இல் ட்யூரர் செப்புத்தகட்டில் செதுக்கிய புனித எரோணிமுவின் அறையைப் பாருங்கள். புனிதர் தூரத்தில் சிறியவராகக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். படத்தை நிறைப்பவை மேசையும் பெஞ்சும் மெத்தைகளும் சன்னல் வெளிச்சமும்தான். மறைநூல் மொழிபெயர்ப்பின் தனிமையை அந்தச் சாமான்களே சொல்கின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைவிளக்கம், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று தெளிவாகவே கூறியிருக்கிறது. அச்சங்கத்துக்குப் பின் நம் ஆலயங்களில் நிகழ்ந்த பெரிய மாற்றமே ஒரு மரச்சாமானை நகர்த்தியதுதான். சுவரோடு ஒட்டி நின்ற பீடம் முன்னே வந்து மக்களை நோக்கிய மேசையாயிற்று. அந்த நகர்வின் பொருளை உணர்ந்த தலைமுறை, மேசையின் படத்தைக் கண்டு கைவிரிப்பது விந்தையிலும் விந்தை.

ஒரு கவலையை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஏழையின் கட்டிலை அழகாக அச்சிட்டுச் செல்வந்தர் கூடத்தில் தொங்கவிட்டால் வறுமை அலங்காரம் ஆகிவிடாதா? ஆகும். அதற்கு மருந்து அச்சிலேயே இருக்கிறது. ஒரே பலகையிலிருந்து ஐம்பது பிரதிகள் எடுக்கலாம், ஐம்பதும் மூலப்படங்களே. குறைந்த விலைக்குக் கொடுத்தால், கட்டிலுக்கு உரியவர் வீட்டிலும் அது தொங்கும். லினோவோ பலகையோ செதுக்கியதை அச்சிட உருளைப்பொறியும் கட்டாயம் இல்லை. மை உருளையும், தாளின் முதுகைத் தேய்க்க ஒரு மரக்கரண்டியும் போதும். செப்புத்தகட்டில் அமிலத்தால் வேலை செய்ய விரும்புவோர்க்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையத்தில் அச்சோவியக் கூடம் இருக்கிறது. நம் மறைமாவட்ட இதழ்களின் அட்டைகளும், திருவிழா மலர்களும், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பறைகளும் இந்தப் படங்களுக்கு இடம் தரட்டும். இணையத்திலிருந்து இறக்கிய மங்கலான படத்தை அட்டையில் போடும் வழக்கத்தை விட, உள்ளூர் மாணவியின் லினோ அச்சு எவ்வகையில் தாழ்ந்தது?

பலகைக்குக்கூட வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் திருநீர்மலையிலிருந்து சிறிது தொலைவில், பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. செடிகள், புறாக்கள், பழைய மின்விசிறிகள் இவற்றுக்கு நடுவே உடைந்த மேசைகளும் கால் இழந்த நாற்காலிகளும் குவிந்து கிடக்கும். பழைய தேக்கு மேசையின் மேற்பலகையைக் கழற்றி, துடைத்து, மை உருட்டித் தாளை வைத்து அழுத்தினால், மரத்தின் வரிகளோடு காய்கறி நறுக்கிய கத்தித் தழும்புகளும், சூடான பாத்திரம் வைத்த வட்டங்களும், பள்ளிப்பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய எழுத்தும் அப்படியே தாளில் ஏறும். எழுத்து மட்டும் இடவலம் மாறித் தெரியும். கடந்த வாரமும் அப்படி ஒரு பலகை அங்கே கிடந்தது. விறகுக்கு வாங்குகிறவர் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.